சொல்லும் உடலும்: பாலியல் வன்முறைச் சட்டத்தில் சான்றின் வரலாறும் மதுரைக் கிளையின் 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் பாலியல் வன்முறைக் குற்றங்கள் குறித்த சட்ட வரலாறு பெரும்பாலும் தண்டனை உயர்ந்த வரலாறாகவே எழுதப்படுகிறது. ஒரு குற்றம் சட்டநூலில் எவ்வாறு வரையறுக்கப்படுகிறது என்பது ஒன்று. நீதிமன்றத்தில் அது எதனால் மெய்ப்பிக்கப்படுகிறது என்பது மற்றொன்று. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் பெண்ணின் ஒழுக்கத்தைக் குற்றத்தின் வரையறைக்குள் சேர்க்கவில்லை. ஆயினும் சாட்சியச் சட்டத்தின் வழியாகவும் மருத்துவச் சான்றிதழின் வழியாகவும் அது வழக்கினுள் நுழைந்தது. அதை வெளியேற்ற நூறாண்டுகளுக்கு மேலாயின. சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஏப்ரல் 21 அன்று இரு விரல் சோதனையைத் தடைசெய்ய ஆணையிட்டதை இந்நீண்ட வரலாற்றில் வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச் சொற்கள்: பாலியல் வன்முறை, இசைவு, சாட்சியச் சட்டம், சட்ட மருத்துவம், இரு விரல் சோதனை, மதுரைக் கிளை, வாச்சாத்தி

1. முன்னுரை

மதுரை நகருக்கு வடகிழக்கே, மேலூர்ச் சாலையில் அமைந்துள்ள உயர்நீதிமன்றக் கிளை 2004 சூலை 24 அன்று தொடங்கப்பெற்றது. கன்னியாகுமரி முதல் கரூர், திருச்சிராப்பள்ளி வரையிலான தென்மாவட்டங்களின் மேல்முறையீடுகள் இங்கு வருகின்றன. அம்மாவட்டங்களின் அமர்வு நீதிமன்றங்களும் மகளிர் நீதிமன்றங்களும் போக்சோ நீதிமன்றங்களும் வழங்கும் தீர்ப்புகள், அவற்றுக்கு அடித்தளமான காவல்துறை ஆவணங்கள், அரசு மருத்துவமனைச் சான்றிதழ்கள் ஆகியன ஒருசேர இங்கு ஆராயப்படுகின்றன. ஆகவே, சட்டம் நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய இந்நீதிமன்றம் பொருத்தமானதொரு களமாகும்.

பாலியல் வன்முறைச் சட்டத்தைப் பற்றிய பொதுவிவாதம் 'எவ்வளவு தண்டனை?' என்னும் வினாவையே சுற்றிவருகிறது. 'எது சான்று?' என்னும் வினா சட்டத்துறையினருக்கு வெளியே அரிதாகவே எழுப்பப்படுகிறது. குற்றத்தின் உண்மையான வடிவத்தை முடிவுசெய்தது இவ்விரண்டாம் வினாவே என்பது இக்கட்டுரையின் கருத்து. பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தை வெளியிடலாகாது என்னும் சட்ட நெறியை மதித்து, வழக்குகள் இங்கு இடத்தாலும் ஆண்டாலும் மட்டுமே சுட்டப்படுகின்றன.

2. கள்ளூர் அவை

பாலியல் தீங்கு, மறுப்பு, விசாரணை, தண்டனை ஆகிய நான்கும் ஒரே தொடர்ச்சியில் இடம்பெறும் பழந்தமிழ்ச் சான்று அகநானூற்றின் 256ஆம் பாடலில் உள்ளது. பாடியவர் மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார். பரத்தையோடு கூடிவிட்டு அதனை மறைக்கும் தலைவனுக்கு வாயில் மறுக்கும் தோழி, ஊரெங்கும் பரவிய அலருக்கு உவமையாகக் கள்ளூரில் நடந்த நிகழ்வொன்றை எடுத்துரைக்கிறாள். இளம்பெண் ஒருத்தியின் நலத்தைக் கவர்ந்த ஒருவன், அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைக்கிறான். அவையத்தார் சாட்சிகளை வினவி உண்மையைத் தெளிகின்றனர். அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைப் பெய்கின்றனர். அப்போது அவையில் எழுந்த ஆரவாரமே உவமையாகிறது.

இது அகப்பாடலில் வரும் உவமை, சட்ட ஆவணமன்று. அங்குக் கூறப்படும் தீங்கு வன்முறையா, ஏமாற்றிக் கைவிட்டதா என்பதும் விவாதத்திற்குரியது. எனினும் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவை ஆராய்ந்தது ஆணின் மறுப்பு மெய்யா பொய்யா என்பதை. கருவியாகக் கொண்டது கரி, அதாவது சாட்சி. பெண்ணின் முந்தைய ஒழுக்கமோ உடலோ விசாரணைப் பொருளானதாகப் பாடல் கூறவில்லை. இதனைக் கொண்டு பழந்தமிழ்ச் சமூகத்தின் நீதிமுறை முழுமையையும் உயர்த்திப் பேசுதல் பொருந்தாது. சொல்லை ஆராயும் விசாரணை, உடலை ஆராயும் விசாரணை என்னும் இருவகை உண்டு என்பதை உணர்த்த இச்சான்று போதுமானது. பிற்காலச் சட்டம் எவ்வகையைத் தேர்ந்தது என்பதே இனிக் காணத்தக்கது.

3. 1860: வரையறை

1801இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியுரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றபின் மதுரைச் சீமை முழுமையாகக் கம்பெனியின் நீதி நிருவாகத்திற்குள் வந்தது. அப்போது குற்றவியல் நீதி, கம்பெனியின் ஒழுங்குவிதிகளால் திருத்தப்பெற்ற இசுலாமியக் குற்றவியல் நெறிப்படி நடந்தது. 1862 சனவரி 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் இந்நிலை முடிவுற்றது.

அச்சட்டத்தின் 375ஆம் பிரிவு வன்புணர்ச்சியை ஐந்து சூழல்களால் வரையறுத்தது. பெண்ணின் விருப்பத்திற்கு மாறானது, இசைவின்றி நிகழ்ந்தது, மரண அச்சமோ காய அச்சமோ காட்டிப் பெற்ற இசைவால் நிகழ்ந்தது, கணவன் என்று தவறாக நம்பச்செய்து பெற்ற இசைவால் நிகழ்ந்தது, 10 வயதுக்குட்பட்ட சிறுமியிடம் இசைவுடனோ இசைவின்றியோ நிகழ்ந்தது என்பன அவை. 376ஆம் பிரிவு ஆயுட்கால நாடுகடத்தலையோ 10 ஆண்டுவரையிலான சிறையையோ அபராதத்துடன் விதித்தது. குறைந்தபட்சத் தண்டனை எதுவும் குறிக்கப்படவில்லை. பெண்ணின் நாணத்தைக் குலைக்கும் தாக்குதலுக்கு 354ஆம் பிரிவின்கீழ் 2 ஆண்டுவரை சிறை விதிக்கப்பட்டது.

இவ்வரையறையின் மையச்சொல் இசைவு. பெண் மணமானவளா, கன்னியா, 'நல்லொழுக்கம்' உடையவளா என்பன வரையறைக்குப் புறம்பானவை. அவ்வகையில் இது முற்போக்கான வரையறையே. ஆயினும் இரண்டு இடைவெளிகள் அதில் இருந்தன. முதலாவது, மணவுறவு விலக்கு. மனைவி 10 வயதுக்குக் குறையாதவளாயின் கணவனின் செயல் இக்குற்றமாகாது. கல்கத்தாவில் ஒரு சிறுமி கணவனின் செயலால் இறந்தபின் எழுந்த விவாதத்தை அடுத்து, 1891இல் இவ்வயது 12 ஆக உயர்த்தப்பட்டது. 1925இல் பொதுவயது 14 ஆகவும் மணவுறவில் 13 ஆகவும், 1949இல் முறையே 16, 15 ஆகவும் உயர்ந்தன. இரண்டாவது, இசைவு என்றால் என்ன என்பதை அப்பிரிவு நேர்முகமாக விளக்கவில்லை. பெண் இசைந்தாளா இல்லையா என்பதை எதைக்கொண்டு அறிவது என்னும் வினா சாட்சியச் சட்டத்திற்கும் மருத்துவருக்கும் விடப்பட்டது.

4. 1872: ஒழுக்கம் சான்றாதல்

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் வழிகளைக் கூறும் அச்சட்டத்தின் 155ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவு ஒன்று இருந்தது. வன்புணர்ச்சி வழக்கில், முறையிட்ட பெண் பொதுவாக ஒழுக்கமற்றவள் என்று எதிர்த்தரப்பு காட்டலாம் என்பதே அது. தண்டனைச் சட்டம் வரையறையில் சேர்க்காத ஒன்றைச் சாட்சியச் சட்டம் சான்றின் வாயிலாக உள்ளே கொணர்ந்தது. திருட்டு வழக்கில் பொருளை இழந்தவரின் பொதுவொழுக்கத்திற்கு இத்தகைய தனி உட்பிரிவு இல்லை.

இதே காலத்தில் சட்ட மருத்துவம் ஒரு துறையாக வளர்ந்தது. நார்மன் செவர்ஸ் வங்காளத்தில் 1856இல் வெளியிட்ட கையேடும், 1920 முதல் பல பதிப்புகள் கண்ட மோடியின் பாடநூலும் இந்திய மருத்துவர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டிகளாயின. எதிர்ப்பின் அடையாளமாகக் காயம் இருக்கவேண்டும், முறையீடு உடனடியாக இருக்கவேண்டும், பொய்ப்புகார் மிகுதி என்னும் எதிர்பார்ப்புகள் குடியேற்றக்கால நீதிமன்றங்களில் வேரூன்றியதை எலிசபெத் கோல்ஸ்கி விரிவாக ஆராய்ந்துள்ளார். மருத்துவ நூல்களின் கன்னிமைக் கருத்தாக்கம் விடுதலைக்குப் பிந்திய தீர்ப்புகளிலும் தொடர்ந்ததைத் துர்பா மித்ரா, மிருணாள் சதீஷ் ஆகியோரின் 2014ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டுகிறது.

இவ்வழியில் நிலைபெற்றதே இரு விரல் சோதனை. பெண்ணுறுப்பின் தளர்ச்சியை விரல்களால் மதிப்பிட்டு, அப்பெண் 'உடலுறவுக்குப் பழகியவர்' என்றோ அல்லர் என்றோ மருத்துவர் எழுதுவது இதன் நடைமுறை. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட செயல் இசைவின்றி நடந்ததா என்பதற்கும் இச்சோதனைக்கும் எத்தொடர்பும் இல்லை. சட்டநூல் எதிலும் இது கட்டாயமாக்கப்படவும் இல்லை. ஆயினும் 155ஆம் பிரிவு பெண்ணின் ஒழுக்கத்தைக் கேட்டது; சோதனை அதற்கு அறிவியலின் தோற்றமுடைய விடையைத் தந்தது. கேள்வியும் விடையும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றன.

5. 1978 முதல் 2002 வரை

இவ்விணைப்பின் விளைவு நாடறிய வெளிப்பட்டது மகாராட்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலைய வழக்கில். 1972இல் பழங்குடிச் சிறுமி ஒருவர் காவல் நிலையத்திலேயே வன்புணர்ச்சிக்கு ஆளானதாக எழுந்த வழக்கில் அமர்வு நீதிமன்றம் இரு காவலர்களையும் விடுவித்தது. மும்பை உயர்நீதிமன்றம் தண்டித்தது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. காயம் இல்லை என்பது இசைவின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இரு விரல் சோதனையின் முடிவும் அத்தீர்ப்பின் மருத்துவக் குறிப்பில் இடம்பெற்றுள்ளது. உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலில், பணிந்துபோதல் வேறு, இசைதல் வேறு என்பதை எடுத்துரைத்தனர்.

அம்மடலும் அதனைத் தொடர்ந்த பெண்கள் இயக்கமும் 1983ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு வழிவகுத்தன. பொதுவாக 7 ஆண்டும், காவலில் நிகழ்வது, கூட்டு வன்புணர்ச்சி முதலியவற்றுக்கு 10 ஆண்டும் குறைந்தபட்சத் தண்டனையாயின. அதனினும் ஆழமான மாற்றம் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 114அ பிரிவு. காவலில் நிகழ்ந்த வன்புணர்ச்சி போன்ற வழக்குகளில் உடலுறவு மெய்ப்பிக்கப்பட்டு, தான் இசையவில்லை என்று பெண் கூறினால், இசைவில்லை என்றே நீதிமன்றம் கருதவேண்டும். பெண்ணின் சொல்லுக்குச் சட்டம் தந்த முதல் தனிமதிப்பு இதுவாகும். 1996இல் பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், நம்பத்தக்க பெண்ணின் சாட்சியத்திற்குத் துணைச்சான்று கட்டாயமன்று என்று வலியுறுத்தியது.

ஆயினும் 155ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு அதுவரை நீக்கப்படவில்லை. 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே அதனை நீக்கியது. தண்டனையை உயர்த்த ஒரு திருத்தம் போதுமானதாக இருந்தது; ஒழுக்கத்தைச் சான்றுப்பட்டியலிலிருந்து நீக்க 130 ஆண்டுகள் ஆயின. இக்கால வேறுபாடு கருதத்தக்கது.

6. வாச்சாத்தி: சொல்லே சான்றான வழக்கு

தமிழகத்தில் இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டுவது தருமபுரி மாவட்ட வாச்சாத்தி வழக்கு. 1992 சூன் 20 அன்று சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அப்பழங்குடிச் சிற்றூரில் புகுந்தனர். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னையில் தொடங்கப்பட்டதும் அதே 1992இல்தான். மலைவாழ் மக்கள் சங்கத்தின் முயற்சியாலும், உயர்நீதிமன்ற ஆணையின்பேரில் 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறை பொறுப்பேற்றதாலும் 269 பேர்மீது வழக்கு நடந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் 17 பேர் வன்புணர்ச்சிக் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது.

முறையான புலனாய்வு தொடங்குமுன்னரே ஆண்டுகள் கழிந்துவிட்ட இத்தகைய வழக்கில் உடல் தரும் சான்றை எதிர்பார்க்க இயலாது. பெண்கள் நீதிமன்றத்தில் கூறிய சொல்லே வழக்கைத் தாங்கியது. அச்சொல் நிலைபெற 19 ஆண்டுகளும், மேல்முறையீட்டில் உறுதிபெற மேலும் 12 ஆண்டுகளும் ஆயின. ஆகவே, சொல்லைச் சான்றாக ஏற்பது இயலாததன்று. காலமும் அமைப்புவழிப் போராட்டமும் இன்றி அது கிடைக்கவில்லை என்பதே இவ்வழக்கு உணர்த்துவது.

7. 2013: இசைவுக்கு விளக்கம்

2012 டிசம்பர் டெல்லி நிகழ்வுக்குப்பின் அமைந்த வர்மா குழு 2013 சனவரி 23 அன்று அறிக்கை அளித்தது. இரு விரல் சோதனையைக் கைவிடவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. தொடர்ந்து வந்த 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறையை மிக விரித்தது. வாய்வழி, பொருள்வழிச் செயல்களும் வன்புணர்ச்சியாயின. இசைவு என்பது ஐயத்திற்கிடமற்ற தன்விருப்ப உடன்பாடு என்று முதன்முறையாக விளக்கம் பெற்றது. உடலால் எதிர்க்கவில்லை என்பதனாலேயே இசைந்ததாகக் கருதலாகாது என்றும் எழுதப்பட்டது. இசைவு வயது 18 ஆயிற்று. சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 53அ பிரிவு, பெண்ணின் ஒழுக்கமும் முந்தைய பாலுறவும் இசைவை முடிவுசெய்யப் பொருத்தமற்றவை என்றது.

அதே ஆண்டு அரியானா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், இரு விரல் சோதனை பெண்ணின் தனியுரிமையையும் மாண்பையும் மீறுவது என்றது. 2014 மார்ச்சில் மத்திய நல்வாழ்வு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அச்சோதனையை விலக்கின. சட்டநூல், நீதிமன்றம், அமைச்சகம் ஆகிய மூன்றும் ஒருமித்துப் பேசிவிட்ட நிலையில் சோதனை மறைந்திருக்க வேண்டும்.

8. 2022: மதுரைக் கிளை

அது மறையவில்லை என்பதை எட்டாண்டுகளுக்குப்பின் மதுரைக் கிளை கண்டது. போக்சோ வழக்கொன்றின் மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் ஆர். சுப்பிரமணியன், என். சதீஷ்குமார் ஆகியோர் அடங்கிய அமர்வு, இச்சோதனை பாலியல் வழக்குகளில், குறிப்பாகச் சிறுமியர் வழக்குகளில், இன்னும் பயன்படுத்தப்படுவதைக் குறிப்பிட்டது. 2022 ஏப்ரல் 21 அன்று, மருத்துவர்கள் இச்சோதனையை மேற்கொள்வதை உடனடியாகத் தடைசெய்யுமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டது. ஆறு மாதங்களுக்குப்பின், அக்டோபர் 31 அன்று, சார்க்கண்ட் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இச்சோதனையைச் செய்பவர் நன்னடத்தை விதியை மீறியவராவர் என்று அறிவித்து, மருத்துவப் பாடத்திட்டத்தையும் மறுஆய்வு செய்யப் பணித்தது.

போக்சோ சட்டத்தின்கீழ் 18 வயதுக்குட்பட்டவரின் இசைவு சட்டப்பொருளே அன்று. ஆகவே, சிறுமி ஒருவர் 'பழகியவரா' என்னும் வினாவுக்கு அங்கு இடமே இல்லை. வினா சட்டத்திலிருந்து நீங்கிய பின்னும் விடை சான்றிதழில் எழுதப்பட்டுவந்தது. பாடநூல், வகுப்பறை, அச்சிட்ட படிவம், மூத்தோரைப் பார்த்து இளையோர் கற்கும் வழக்கம் ஆகியவற்றில் ஊறிய நடைமுறை, நாடாளுமன்றத் திருத்தத்தால் தானாக மாறாது. கிளையின் ஆணை சட்டவிதி எதனையும் புதிதாக்கவில்லை. சட்டம் முன்னரே கூறியதை மருத்துவமனையின் மேசைக்குக் கொண்டுசெல்ல முயன்றது. அதன் வரலாற்று முதன்மை இதில்தான் உள்ளது.

9. தண்டனையின் ஏற்றம்

இதற்கு இணையாகத் தண்டனையும் உயர்ந்துவந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வன்புணர்ச்சிக்கான குறைந்தபட்சத் தண்டனையை 10 ஆண்டாக்கியது. 12 வயதுக்குட்பட்ட சிறுமி பாதிக்கப்பட்ட வழக்கில் மரண தண்டனைக்கும் இடமளித்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து, பழைய 375, 376 பிரிவுகள் 63, 64 ஆயின. தமிழ்நாடு 1998லேயே பெண்களைத் துன்புறுத்துவதற்கெதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. 2025 சனவரியில் மாநிலச் சட்டமன்றம் புதிய குற்றவியல் சட்டத்துக்கான மாநிலத் திருத்தத்தை நிறைவேற்றியது. அது வன்புணர்ச்சிக்கான குறைந்தபட்சத் தண்டனையை 14 ஆண்டாகவும், காவலர் உள்ளிட்டோர் இழைப்பதற்கு 20 ஆண்டாகவும் உயர்த்த வகைசெய்தது.

இவ்விரு போக்குகளும் மதுரைக் கிளையிலேயே சந்தித்துள்ளன. 2015 அக்டோபரில் அக்கிளையின் தனி நீதிபதி ஒருவர், குழந்தைகள்மீது வன்கொடுமை இழைப்போருக்கு ஆண்மை நீக்கத்தைத் தண்டனையாக்குவதைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு யோசனை கூறினார். அது நாடெங்கும் விவாதிக்கப்பட்டது; வர்மா குழு அத்தண்டனையை முன்னரே மறுத்திருந்தது. 2022ஆம் ஆண்டு ஆணையோ ஒரு சான்றிதழின் உள்ளடக்கத்தைப் பற்றியது. முன்னது சட்டமாகவில்லை. பின்னது பாதிக்கப்பட்ட குழந்தை மருத்துவமனையில் எதிர்கொள்ளும் முதல் மணிநேரத்தைத் தொட்டது.

தண்டனை உயர்வுக்கும் சான்றுக்கும் இடையே உள்ள உறவையும் மறந்துவிடலாகாது. குறைந்தபட்சத் தண்டனை உயர உயர, ஐயத்தின் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழங்கும் நாட்டம் நீதிமன்றங்களில் வலுப்பெறக்கூடும் என்பது சட்டவியலாளர் பலர் சுட்டும் இடர்ப்பாடு. அவ்வாறாயின், சான்றைப் பற்றிய பழைய எதிர்பார்ப்புகள் நீங்காத இடத்தில் கடுந்தண்டனை விடுதலைகளையே பெருக்கும். மணவுறவு விலக்கோ 18 வயதுக்குட்பட்ட மனைவியைத் தவிர்த்துப் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. தண்டனையை உயர்த்திய எத்திருத்தமும் 1860இன் அவ்விடைவெளியை முழுமையாக மூடவில்லை.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன மூன்று. முதலாவது, வன்புணர்ச்சியின் சட்ட வரையறை 1860லேயே இசைவை மையமாகக் கொண்டிருந்தும், சாட்சியச் சட்டமும் சட்ட மருத்துவமும் அதனை ஒழுக்க விசாரணையாக மாற்றின. இரண்டாவது, 1983, 2002, 2013 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களுள் நிலைத்த பயனுடையவை தண்டனையைப் பற்றியவற்றினும் சான்றைப் பற்றியவையே. மூன்றாவது, சட்டத்திலிருந்து நீங்கிய கருத்து படிவங்களில் நெடுங்காலம் வாழும் என்பதற்கு மதுரைக் கிளையின் 2022ஆம் ஆண்டு ஆணை சான்றாகிறது.

இவற்றால் ஆய்வாளர்களுக்கு ஒரு பணி காத்திருக்கிறது. பாலியல் வன்முறைச் சட்டத்தின் வரலாற்றைச் சட்டநூல்களிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலும் மட்டும் தேடுவது போதாது. தென்மாவட்ட அமர்வு நீதிமன்றங்களின் தீர்ப்புகள், அவற்றில் மேற்கோளாகும் மருத்துவச் சான்றிதழ்களின் சொல்லாட்சி, மருத்துவக் கல்லூரிகளின் பாடநூல்கள் ஆகியன 2022க்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு ஆராயப்பட வேண்டும். அடையாளம் காக்கும் நெறியோடு அது செய்யப்பட வேண்டும். 'பழகியவர்' என்னும் சொல் சான்றிதழ்களிலிருந்து மெய்யாகவே மறைந்ததா, வேறு சொல்லில் தொடர்கிறதா என்பதை அவ்வாய்வே உறுதியாகக் கூறும். கள்ளூர் அவை மறுத்தவனின் சொல்லைச் சோதித்தது. இன்றைய நீதிமன்றமும் அதனையே சோதிக்கிறதா என்பதற்கான விடை அச்சான்றிதழ்களில் உள்ளது.